கெட்டிச் சாயம்

"இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்து!"

சௌடப்பன் கத்தினான். கண்கள் இரண்டும் தீயாய் எரிந்தன. பொழுது அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. கொல்லைத் தொட்டியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய் நாரால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். புளி போட்டாகிவிட்டது. சவுக்காரம் போட்டாகிவிட்டது. செங்கல் பொடியும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. காதோரத்தில் ரத்தம் முத்து முத்தாகக் கசிந்தது.

அவன் மனைவி ராமலட்சுமி பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"போதுங்க. தோலு உரிஞ்சு வருது."

"தோலு போனா வளரும். கறுப்பு போச்சா? அதைப் பாரு!"

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். அவன் தாடையைப் பிடித்து, கிழக்கே வெளிச்சம் பட்ட பக்கமாகத் திருப்பினாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"கறுப்பெல்லாம் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கீங்க."

"பொய் சொல்லாதே!"

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் அவள் வந்த நாளிலிருந்து, அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பம் அது. அன்று அவன் தமிழில் கத்தினான். அதுவே அவளுக்கு ஏதோ வெளியாள் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான்.

அருப்புக்கோட்டையில் மழை கூடாவிட்டாலும் சபை கூடும். ஸ்ரீ நாடக கலா பரிபாலன சபைக்கு அது வெள்ளி விழா ஆண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. போட்ட நாடகங்களைக் காட்டிலும் போட்ட விதிகள் அதிகம் என்பது சபையின் பெருமை. தலைவர் உட்காருவதற்கு முன் யார் உட்காரலாம், தலைவர் பேசும்போது யார் இருமலாம், மாலையை யார் எந்தக் கையால் வாங்க வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே விதி உண்டு. நாடகம் போடுவதற்குத்தான் விதி இல்லை. அது பாட்டுக்கு நடக்கும்.

தலைவர், நூல் கடை அப்பய்யா. செயலாளர், ஓய்வு பெற்ற ரெவினியூ இன்ஸ்பெக்டர் கோட்டைச்சாமி. வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றாரே தவிர, வேலை அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை.

சௌடப்பன் அப்பய்யாவின் கடையில் கணக்குப்பிள்ளை. அவனுடைய அப்பா சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒரு காலத்தில் சொந்தமாக நூல் கடை வைத்திருந்தவர். இப்போது கடையும் இல்லை, அவரும் இல்லை. சபைச் சுவரில் படம் மட்டும் இருந்தது. மகனுக்குச் சபையில் கொடுக்கப்பட்ட பொறுப்பு, திரை இழுப்பது.

வெள்ளி விழாவுக்குச் சபை தேர்ந்தெடுத்த நாடகம் 'கருந்தளபதி'. காலேஜில் படித்த யாரோ சொன்ன சீமைக் கதையைக் கோட்டைச்சாமி தம் கைப்பட நாடகமாக எழுதியிருந்தார். கப்பல் ஊர் ஒன்றில் கறுப்பு நிறத்துத் தளபதி ஒருவன். மந்திரியின் மகள் அவனை விரும்பிக் கட்டிக்கொள்கிறாள். அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. அவள் உன்னை ஏமாற்றுகிறாள், உன் நிறத்துக்கு அவள் எப்படி நிலைப்பாள் என்று ஒவ்வொருவரும் அவன் காதில் ஓதுகிறார்கள். கடைசியில் தளபதி அவள் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறான். திரை.

தளபதி வேஷம் திரை இழுக்கிற சௌடப்பனுக்கு என்று கமிட்டி அறிவித்தபோது அவன் எழுந்து நின்றான்.

"எனக்கு நடிப்பு வராதுங்களே?"

"கமிட்டி யோசிச்சுத்தான் முடிவு பண்ணியிருக்கு. காரணம் கேக்குற வழக்கம் சபையில கிடையாது. உக்காரு" என்றார் கோட்டைச்சாமி.

அவன் உட்கார்ந்தான். பிறகு, சுவரிலிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டும் கொண்டான்.

வேஷம் போட்டது சாயப்பட்டறை மேஸ்திரி பாலையா. வேஷம் போடும்போது கண்ணைத் திறந்தால் வேஷம் பிடிக்காது என்பது அந்த மேடையின் வழக்கம். சௌடப்பன் கண்ணை இறுக்க மூடி, சௌடம்மனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளிர்ச்சியாக ஏதோ நெற்றியில் பட்டது. கன்னத்தில், கழுத்தில், கையில் இறங்கியது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் தேய்த்தார். "ஆச்சு தம்பி, போ" என்றார். மேடைக்குப் போனான்.

"அடேயப்பா! என்னா கறுப்பு!" என்று முன்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். கொட்டகை கை தட்டியது.

நாடகம் முடிந்ததும் தலைவர் அப்பய்யா ஒலிபெருக்கியைப் பிடித்தார். பிடித்தால் லேசில் விடமாட்டார்.

"மகா ஜனங்களே! தளபதியின் முகத்திலே நீங்கள் கண்டது அடுப்புக்கரி அல்ல. நம் ஊர்ச் சாயம்! கெட்டிச் சாயம்! வெயிலில் காயப்போட்டாலும் வெளுக்காது, கல்லில் அடித்தாலும் கரையாது. நம் சரக்கின் தரத்தை இன்று ஒரு மனித முகத்திலே நிரூபித்துக் காட்டியிருக்கிறோம்!"

மறுபடி கைதட்டல். சௌடப்பன் மட்டும் மேடையிலிருந்து இறங்கி ஓடினான். பாலையா மேஸ்திரியைத் தேடினான். தங்கச்சி மகள் கல்யாணம் என்று அவர் அப்போதே சேலம் பஸ் ஏறியிருந்தார்.

அதனால்தான் மறுநாள் விடியலில் மண்ணெண்ணெய்.

கண்ணாடியில் பார்த்தான். கறுப்பு. இதற்கு முன் தன் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. ஆண்பிள்ளை தினமும்தான் கண்ணாடி பார்க்கிறான். மீசையைப் பார்க்கிறான், கிராப்பைப் பார்க்கிறான், நிறத்தையா பார்க்கிறான்? சுவரில் கல்யாணப் போட்டோ தொங்கியது. மதுரை ஸ்டூடியோவில் எடுத்தது. அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே மாதிரி பால் நிறத்தில் இருந்தார்கள். போட்டோவையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

கடைக்குப் போனான். கல்லாவில் இருந்த அப்பய்யா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். அவனைத் தினமும் பார்க்கிறவர்தான். ஆனால் அப்படிப் பார்த்தது அன்றுதான்.

"போகலையேப்பா."

"தேய்ச்சேனுங்க."

"போகாது. நம்ம சரக்குல்ல!" பெருமையில் அவர் முகம் மலர்ந்தது. மறுகணமே சுருங்கியது. "வெள்ளை நூல் சிட்டத்தைத் தொடாதே. ஒட்டிக்கிட்டா பேல் மூட்டை பூரா வீணாப் போகும். அந்தச் சாக்குல உக்காரு. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. சரக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அன்றிலிருந்து கடையில் அவனுக்குச் சாக்கு. டீக்கடையில் தனிக் கிளாஸ். கறை பட்டால் கழுவ முடியாதாம். பங்காளி வீட்டு வளைகாப்பில், போட்டோ எடுக்கிற நேரமாகப் பார்த்து அவனைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார்கள். கோயிலில், சாயம் போகிறவரை கொடிமரத்துக்கு இந்தப் பக்கமே நின்று கும்பிட்டால் அம்மனுக்கும் சம்மதம்தான் என்று பூசாரி அம்மன் சார்பில் சொன்னார். யாரும் அவனைத் திட்டவில்லை. எல்லாரும் "தப்பா நினைக்காதப்பா" என்றுதான் தொடங்கினார்கள்.

வாரங்கள் போயின. பாலையா மேஸ்திரி வரவில்லை. கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஏதோ பட்டறையில் வேலை கிடைத்து நின்றுவிட்டாராம். அவர் வந்தால் ஒரு மருந்து சொல்லுவார். சௌடப்பன் தினமும் சாயந்தரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். வீட்டுக்கு வந்தால் ராமலட்சுமி, "ஏங்க இப்படி மனசை வருத்திக்கிறீங்க? முகத்துல ஒண்ணுமே இல்லைங்க" என்பாள்.

ஊரெல்லாம் பார்க்கிற கறுப்பு, இவள் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

கேள்வி பிறந்த நாளில் அது சிறியதாகத்தான் இருந்தது.

சபை சும்மா இருக்குமா? 'சாய நிர்ணயக் கமிட்டி' ஒன்றை அமைத்தது. மூன்று கூட்டம் யார் தலைமை என்று பேசினார்கள். நான்காவது கூட்டத்தில் சௌடப்பனைக் கூப்பிட்டார்கள்.

முதலில் வேட்டிச் சோதனை. கோட்டைச்சாமி சலவை வேட்டி ஒன்றை நனைத்து அவன் கன்னத்தில் அழுத்தித் துடைத்தார். வேட்டியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கறை இல்லை. பால் மாதிரி இருந்தது.

சௌடப்பன் முகம் மலர்ந்தது. "பாத்தீகளா! ஒட்டல!"

"ஒட்டல" என்றார் கோட்டைச்சாமி, குரலைத் தாழ்த்தி. "அப்படின்னா என்ன அர்த்தம்? சாயம் உள்ளே எறங்கிருச்சு."

அடுத்தது சோடாச் சோதனை. நூலுக்குச் செய்வதுதான். தவலையில் வெந்நீர் கொதித்தது. சோடாவும் சவுக்காரமும் போட்டார்கள். "கெட்டிச் சாயம்னா தண்ணி கலங்காது, ஓட்டைச் சாயம்னா கலங்கிரும். இது உனக்குத் தெரியாததா?" என்று சொல்லி, அவன் கையை முழங்கை வரை முக்கினார்கள். அவன் அலறினான். கை கொப்பளித்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது.

தலைவர் அப்பய்யா எழுந்து நின்று கை தட்டினார். "முதல் தரம்! பம்பாய்ச் சரக்குகூட இப்படி நிக்காது!"

நூலுக்குப் பொய் சொல்லாத சோதனை, ஆளுக்கா பொய் சொல்லிவிடும்? சௌடப்பனே அதை நம்பினான். பிறந்ததிலிருந்து நூலோடு வாழ்ந்தவன் அவன். தண்ணீர் கலங்கவில்லை என்றால் சாயம் கெட்டி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மூன்றாவது, சாட்சி. ராமலட்சுமியைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள்.

"உன் புருஷன் மூஞ்சில சாயம் இருக்கா, இல்லையா?" என்றார் கோட்டைச்சாமி.

"இல்லைங்க. இவரு எப்பவும்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. இருக்கா, இல்லையா?"

"இல்லைங்க."

"ஊரே இருக்குங்குது. நீ ஒருத்தி இல்லைங்கிறே. அப்ப ஊரு பொய் சொல்லுதா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கொப்பளித்த கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"நான் தினமும் பக்கத்துல இருந்து பாக்குறேங்க" என்றாள் மெதுவாக.

கமிட்டியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் போகலாம் என்று தலைவர் கை காட்டினார். சாயம் நிரந்தரமானது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதே மூச்சில், தரத்துக்காகச் சாயப்பட்டறைக்குப் பாராட்டும் நிறைவேறியது.

கோட்டைச்சாமி அவனோடு தெருமுனை வரை நடந்து வந்தார். தோளில் கை போட நீட்டியவர், சாயத்தை நினைத்து, கையை இழுத்துத் தம் துண்டிலேயே வைத்துக்கொண்டார்.

"தம்பி, உங்கப்பாவும் நானும் ஒண்ணாப் பழகுனவுக. அதனால சொல்றேன். நான் யாரைப் பத்தியும் தப்பாப் பேசுறவன் இல்ல."

"சொல்லுங்க ஐயா."

"நான் சர்வீஸ்ல எத்தனையோ விசாரணை பாத்தவன். ஒரு பொருளு கண்ணுக்குப் பளிச்சுனு தெரியணும்னா, அது புதுசா இருக்கணும். தினமும் பாத்துப் பழகிட்டா தெரியாது. உம் பொண்டாட்டிக்குக் கறுப்பு தெரியலை." அவர் நின்றார். "ஏன் தெரியலை? பழகியிருக்கு. எங்க பழகுச்சு? அது விசாரணைக்குரிய விஷயம். நான் ஒண்ணும் சொல்லலை."

ஒன்றும் சொல்லாமல் அவர் போய்விட்டார். சௌடப்பன் தெருமுனையிலேயே நின்றான்.

மறுநாள் காலை கடைவாசலில் லாரி வந்து நின்றது. டிரைவர் கருத்தப்பாண்டி குதித்து இறங்கினான். பரளச்சிக்காரன். பனை உயரம், பளபளக்கும் கறுப்பு, சிரித்தால் தெருவே வெளிச்சமாகும். காரியாபட்டியில் ராமலட்சுமியின் அப்பா வீட்டுக்கு நூல் லோடு இறக்கிப் பழகியவன். அவளைச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

"என்னப்பா சௌடப்பா! நம்ம கலர் கட்சியில சேந்துட்டியாமே! சந்தா கட்டிட்டியா?"

சௌடப்பன் சிரிக்கவில்லை.

"அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் பொறந்ததுலேருந்து இப்படித்தான் திரியுறேன். எனக்கென்ன கொம்பா மொளச்சிருச்சு? இந்தா, கடலை. தங்கச்சிக்கிட்டக் குடு. நம்ம தோட்டத்துக் காய்."

"நீயே குடு" என்றான் சௌடப்பன். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. சொல்லிவிட்டுப் பின்னாலேயே போய்ச் சுவர் மறைவில் நின்றான்.

கருத்தப்பாண்டி வீட்டு வாசலில் நின்று பையைக் கொடுத்தான். ஏதோ சொன்னான். ராமலட்சுமி சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவன் கறுப்புக் கையிலிருந்து அவள் வெளுத்த கை பையை வாங்கியது. அவள் முகம் சுளிக்கவில்லை. தள்ளி நிற்கவில்லை. அவன் கறுப்பாக இருக்கிறான் என்பதே அவளுக்குத் தெரியாத மாதிரி நின்றாள்.

பழகியிருக்கு.

அன்று ராத்திரி அவன் கடலையைத் தொடவில்லை.

"என்ன சொன்னான்?"

"யாரு, பாண்டியண்ணனா? 'உம் புருஷனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு, பாத்துக்க'ன்னாரு." மறுபடி சிரித்தாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

இதற்குள் திருச்சுழியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. கருந்தளபதியை அங்கே போட வேண்டும். விளக்குச் செலவு வேண்டாம் என்று பகல் ஆட்டமாகவே சபை ஒப்புக்கொண்டது. தளபதிக்கு வேஷம் போட வேண்டியதில்லை, முகம் தயாராகவே இருக்கிறது என்று தலைவர் அறிவித்தபோது கமிட்டி மேசையைத் தட்டி வரவேற்றது.

ஒத்திகையில்தான் சிக்கல். மந்திரி மகளாக நடிக்க மதுரையிலிருந்து வந்த ஸ்பெஷல் நாடக நடிகை மாரிக்கனி, கட்டில் காட்சி பாதியிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் கோட்டைச்சாமி.

"நான் வாரலைங்க. முதல் ஆட்டத்துல இவரு நடிச்சாரு. பாவமா, தப்புத் தப்பா நடிச்சாரு. எனக்கே சிரிப்பு வந்துச்சு. இப்ப இவரு நடிக்கலை. நான் இருவது வருஷமா மேடையில செத்துப் பிழைக்கிறவ. எனக்குத் தெரியும்." பெட்டியை எடுத்தாள். வாசலில் நின்று திரும்பி, "அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பித் தூங்க வைங்க" என்றாள்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. இயல்பான நடிப்பைக் கண்டு ஒரு நடிகை பயந்து ஓடியது சபையின் வெற்றி என்று முதலில் பதிவு செய்தது. பிறகு மந்திரி மகளுக்கு என்ன செய்வது என்று யோசித்தது.

"தளபதி பொண்டாட்டிக்குப் பதிலா, தளபதி பொண்டாட்டியே இருக்காளே!" என்றார் அப்பய்யா.

மற்றக் காட்சிகளைக் கோட்டைச்சாமி வெட்டினார். கடைசிக் காட்சி மட்டும் போதும், வசனம் கிடையாது, கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தால் போதும். குடும்பப் பெண்ணை மேடையேற்றலாமா என்று ஒருவர் கேட்டார். புருஷன் கையால் சாவதில் கௌரவக் குறைவு என்ன இருக்கிறது என்று தலைவர் கேட்டார்.

ராமலட்சுமியிடம் கோட்டைச்சாமியே நேரில் வந்து பேசினார்.

"இந்த ஒரு ஆட்டம் நல்லபடியா முடியட்டும்மா. அடுத்த கூட்டத்துலயே சாயம் போயிருச்சுன்னு சபை தீர்மானம் போட்டுரும். அப்புறம் ஊர்ல ஒரு பய வாயத் திறக்க முடியாது."

அவள் கண் விரிந்தது. "நிசமாவா ஐயா? தீர்மானம் போட்டா இவரும் நம்பிருவாரா?"

"சபை சொன்னா நம்பாம?"

அவள் சம்மதித்தாள். கருத்தப்பாண்டி லாரியில்தான் கட்டில், திரை, ஆட்கள் எல்லாம் திருச்சுழி போய்ச் சேர்ந்தன. வழி நெடுக வெடித்த கரிசலும் உடைமரமும்தான். ராமலட்சுமி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெண்பிள்ளையைப் பின்னால் கட்டிலோடு ஏற்ற முடியாதென்று சபைதான் அப்படி உட்கார வைத்தது. சௌடப்பன் பின்னால், கட்டிலோடு. கேபின் கண்ணாடி வழியே அவள் பின்னங்கழுத்து தெரிந்தது. திருச்சுழி வரும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பந்தலில் கூட்டம் நெரிந்தது. தலைவர் அப்பய்யா முன்னுரை வழங்கினார்.

"இந்தத் தளபதி நல்லவன். வீரன். நாட்டைக் காத்தவன். அதை அரண்மனை மறுக்கவில்லையே! போருக்கு அவனைத்தான் அனுப்பினார்கள். பரிசு கொடுத்தார்கள். பந்தியில்கூட ஓரத்தில் இடம் போட்டார்கள். பெண் மட்டும்தான் கொடுக்க மறுத்தார்கள். இது வெறுப்பா? இல்லை, ஒழுங்கு! அதை மீறினான், அழிந்தான். எங்கள் சபைக்கு நிறபேதமே கிடையாது. எனக்குக் கறுப்பின் மேல் வெறுப்பு என்று எவனாவது சொல்ல முடியுமா? முப்பது வருஷமாகக் கறுப்பு நூல் விற்கிறேன்!"

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. திரை விலகியது.

கட்டிலில் ராமலட்சுமி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சௌடப்பன் வந்தான். பகல் வெளிச்சம் நேராக அவன் முகத்தில் அடித்தது. முன்வரிசையில் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், தரையில் சம்மணமிட்டு, கருத்தப்பாண்டி உட்கார்ந்திருந்தான். சௌடப்பனைப் பார்த்து உற்சாகமாக ஒரு விசில் அடித்தான்.

சௌடப்பன் வசனத்தைச் சொன்னான். ஒத்திகையில் தடுமாறிய வசனம் அன்று தடுமாறவில்லை. ஊரெல்லாம் காணும் என் கறுப்பு உனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்டான். அப்படி ஒரு வரி நாடகத்தில் இல்லை. ஓரத்தில் நின்ற கோட்டைச்சாமி, "பலே!" என்றார்.

கட்டிலருகே மண்டியிட்டு, அவள் கழுத்தில் கை வைத்தான். தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும் என்பது பயிற்சி. அப்படித்தான் வைத்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள். வசனம் கிடையாது என்பதை அவள் மறந்துவிட்டாள். அல்லது அவன் கை நடுங்குவதைப் பார்த்துத் தேற்ற நினைத்தாள். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வீட்டுத் தெலுங்கில் சொன்னாள்:

"ஏன் நடுங்குறீங்க? எனக்கு இந்த நிறந்தாங்க பிடிக்கும்."

முன்வரிசையிலிருந்து மறுபடி விசில் வந்தது.

"இந்த நிறமா?" என்றான் சௌடப்பன்.

"ஆமாங்க."

"விடாதே!" ஓரத்திலிருந்து கோட்டைச்சாமியின் குரல். "தளரக் கூடாது! இன்னும்! இன்னும்!"

அவன் தளரவில்லை. கட்டில் கால்கள் பலகையில் தடதடவென்று அடித்தன. அவள் கை எழுந்து அவன் கன்னத்தைத் தொட்டது, அன்றொரு காலை தொட்டியடியில் தாடையைப் பிடித்துத் திருப்பியது போல. பிறகு கீழே விழுந்தது. பந்தலே எழுந்து நின்று கை தட்டியது.

திரை விழுந்தது. திரைக்கு வெளியே அப்பய்யா ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இயல்பு என்றால் இதுதான் இயல்பு! இந்த நிறத்துக்குள்ளே இப்படி ஒரு வெறி உறங்கும் என்பதைச் சபை உங்கள் கண் முன்னே நிரூபித்திருக்கிறது..."

திரைக்கு உள்ளே சௌடப்பன் மண்டியிட்டபடியே இருந்தான். ராமலட்சுமி எழுந்திருக்கவில்லை. தோளைத் தொட்டு அசைத்தான். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

பின்பக்கத் தட்டியை விலக்கிக்கொண்டு யாரோ வந்தார்கள். பாலையா மேஸ்திரி. கையில் பை, அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியவர். ஊருக்கு வந்ததும், சபை திருச்சுழியில் என்று கேள்விப்பட்டு நேராக வந்திருந்தார்.

சௌடப்பன் தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"வந்துட்டீங்களா மேஸ்திரி! எத்தனை நாளாப் பாத்துக்கிட்டிருக்கேன்... இதைக் கழுவி விடுங்க. இவ எந்திரிக்கிறதுக்குள்ள கழுவி விட்டுருங்க."

மேஸ்திரி கட்டிலைப் பார்த்தார். கையிலிருந்த பை நழுவியது.

"என்னத்தையா கழுவச் சொல்றே?"

"சாயத்தை. நீங்க பூசினீங்களே, கெட்டிச் சாயம்."

மேஸ்திரி குனிந்து, தம் இரண்டு கையாலும் அவன் முகத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"நான் அன்னைக்கித் தடவுனது நல்லெண்ணெய், சாமி. சாயமே வாங்கலை. சாயச் செலவு இல்லாத ஆளா வேணும்னுதானே, கமிட்டியில உன்னையத் தேர்ந்தெடுத்தாக."